மூணாம் மாடிக் கண்ணாடி

ஆங்கில அகராதியைப் புரட்டி ‘மேன்ஷன்’ என்ற சொல்லுக்குப் பொருள் பார்த்தால் ‘மாளிகை’ என்று போட்டிருக்கும். அந்த அகராதியைத் தொகுத்த மகானுபாவர் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு விஜயம் செய்ததில்லை என்பது நிச்சயம். செய்திருந்தால், ‘பத்தடிக்கு எட்டடி அறை, இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, கொடியில் நாலு சட்டை, நடைவழிக் கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை, அதன் வாசலில் வாளியும் கையுமாக ஆறு பிரம்மசாரிகள்’ என்று பொருளைத் திருத்தி எழுதியிருப்பார்.

அப்படிப்பட்ட மாளிகை ஒன்றின் மூன்றாவது மாடியில், 2021-ஆம் வருஷக் கடைசியில் நான் குடியேறினேன். அதன்பின் இரண்டு வருஷங்களில் திருவல்லிக்கேணியில் எனக்கு எத்தனை பேரைத் தெரிந்திருந்தது என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒரே ஒருவரை. அவர் என் அறைத் தோழர். அவருக்கும் இரவு வேலை. ஆகையால் நான் விழித்திருக்கும்போதெல்லாம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் சிநேகத்தில் சண்டை சச்சரவு வராமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

மற்ற மனிதர்களுக்கு அவசியம் ஏற்படவில்லை. காலையில் இட்லி வேண்டுமா? கைபேசியைத் தட்டினால் வாசலுக்கு வந்துவிடும். சோப்பு, சீப்பு, பற்பசை எல்லாம் அப்படியே. சட்டைக் காலர் நைந்தால் இன்னொரு தட்டு. புதுச் சட்டை வந்துவிடும். கொண்டுவந்து கொடுக்கும் பையனின் முகத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. நன்றி சொல்வதற்குக்கூடக் கைபேசியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். “நகரவாசி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!” என்று எனக்குள் ஒரு கர்வம்.

ஊரிலிருந்து அம்மா ஞாயிறுதோறும் பேசுவாள். பேச்சின் முடிவில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: “எதிர்க்கடை அண்ணாச்சி சௌக்கியமா?” ஒரு பொங்கலுக்கு மூன்று நாள் என்னோடு வந்து தங்கியிருந்தாள்; அப்போது ஏற்பட்ட பழக்கம். நானும் தவறாமல் “ஊம்” என்று பதில் சொல்வேன். எதிரே ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்பது வரையில்தான் எனக்குத் தெரியும்.

என்னுடைய கர்வத்தை 2023 டிசம்பரில் ஒரு புயல் வந்து கரைத்துவிட்டது.

புயலும் பொட்டலமும்

மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிய கதை ஊர் அறிந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி பிடித்த மழை 4-ஆம் தேதி முழுவதும் விடவில்லை. மின்சாரம் போயிற்று. பிறகு கைபேசிக் கோபுரங்கள் மௌனம் சாதித்தன. கடைசியில் என் கைபேசியும் உயிரை விட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். பணப்பையைத் திறந்தேன். ஒரு பத்து ரூபாய் நோட்டும் பழைய கல்லூரி அடையாள அட்டையும் இருந்தன. என் சொத்து முழுவதும் அந்தச் செத்துப்போன கருவிக்குள் இருந்தது.

மாலை நாலு மணிக்குப் பசி பொறுக்காமல் இறங்கினேன். எதிர்க்கடையில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அரிசி மூட்டைகளைப் பெஞ்சியின் மேல் ஏற்றிவிட்டு, அவற்றின் மேல் தாமும் ஏறி உட்கார்ந்திருந்தார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, பணமெல்லாம் போனில் இருக்கு. போன் வேலை செய்யலை...” என்று இழுத்தேன்.

“பணம் எங்கே தம்பி போயிரப் போவுது? முதல்ல பசிக்கு எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட், வாழைப்பழம், தண்ணீர்ப் புட்டி, மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நீட்டினார். பிறகு நீள நோட்டு ஒன்றைப் பிரித்து எழுதினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தலைகீழாகப் படித்தேன்:

‘மூணாம் மாடிக் கண்ணாடி - 96.’

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பவன் நான்தான்.

“என்னைத் தெரியுமா அண்ணாச்சி?”

“தெரியாம என்ன? ராத்திரி ஒரு மணி வரைக்கும் உங்க ரூம்லதான் லைட் எரியும். அம்மா முழங்கால் வலின்னு சொன்னாங்களே, இப்ப தேவலையா?”

எனக்குச் சுரீரென்றது. அம்மாவின் முழங்கால் வலியை நானே மறந்திருந்தேன்.

அன்றிரவும் மறுநாளும் எங்கள் மேன்ஷனுக்குச் சோறு போட்டவர் கீழ்த்தள மெஸ்காரர். எலுமிச்சம்பழச் சாதமும் அப்பளமும். டோக்கனும் இல்லை, ரொக்கமும் இல்லை. “கரண்டு வந்ததும் கொடுங்கோ” என்பதுதான் ரசீது. புதன்கிழமை மின்சாரம் வந்தது. எல்லாரும் கொடுத்தார்கள்.

நானும் 96 ரூபாயைக் கொடுக்கப் போனேன். அண்ணாச்சி ஒரு கோடு போட்டுக் கணக்கை அடித்தார். பிறகு, “தம்பி, ரெண்டு வருசமா இருக்கீங்களே, இந்தப் பேட்டையைச் சுத்திப் பார்த்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“கடற்கரைக்குப் போயிருக்கிறேன்.”

“அது பேட்டைக்கு வெளியே இல்லா இருக்கு! ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா நடந்து பாருங்க. அந்தப் போனை ரூம்லயே வச்சிருங்க.”

விடியற்காலை யாத்திரை

மார்கழி ஞாயிறு ஒன்றில் காலை ஐந்தரைக்கே கிளம்பினேன். கையில் ரொக்கமாக ஐந்நூறு ரூபாய். அயல்நாட்டுக்குப் போகிறவன்போல் மனத்தில் சிறிது பயம்.

அல்லிக் குளம் என்ற பொருளில்தான் திரு-அல்லிக்-கேணி என்ற பெயர் வந்தது. கோயில் குளத்தில் மீன் தங்காது என்பது ஐதிகம். ஆனால் குளத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் அந்த நேரத்திலேயே ஜனங்கள் நெருக்கியடித்தார்கள். வாசல்தோறும் கோலம், கோலத்தின் நடுவே பூசணிப் பூ. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான இந்தக் கோயிலில் பெருமாள் மீசையோடு சேவை சாதிக்கிறார். மீசை வைத்த பெருமாளைச் சேவித்துவிட்டு, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் பூக்காரம்மாள் முழம் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் நின்ற கிழவிக்கு அளந்தபோது முழங்கை நன்றாக நீண்டது. எனக்கு அளந்தபோது சற்றுச் சுருங்கியது.

“அவங்களுக்கு மட்டும் கை நீளுதே?” என்றேன்.

“அவங்க முப்பது வருசமா வாங்குறாங்க. நீ எந்த மேன்ஷன்?”

நான் சொன்னேன். உடனே இன்னும் நாலு விரற்கடை சேர்த்து அறுத்துக் கொடுத்தாள். அன்று பூராவும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான். இந்தப் பேட்டையில் மேன்ஷனைச் சொன்னால் கோத்திரத்தைச் சொன்ன மாதிரி!

துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1921-ல் அவர் காலமானதும் இந்தப் பேட்டையில்தான். அரசாங்கம் அந்த வீட்டை 1993-ல் நினைவு இல்லமாக்கியது. கணித மேதை ராமானுஜன் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில் குடியிருந்ததும் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில்தான். சின்ன அறையில் இருந்துகொண்டு பெரிய காரியம் செய்வது இந்தப் பேட்டைக்குப் புதிதல்ல. சின்ன அறையில் ஒன்றும் செய்யாமல் இருந்தவன் நான்தான்.

நெடுஞ்சாலைக்கு வந்து, 1948-லிருந்து நடந்துவரும் ரத்னா கபேயில் நுழைந்தேன். இங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்வதில்லை. இட்லிதான் சாம்பாரில் தீர்த்தமாடுகிறது. இதே இட்லியை நான் பலமுறை டப்பாவில் வரவழைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். வந்து சேர்வதற்குள் சாம்பார் ஆறியிருக்கும், இட்லி கரைந்திருக்கும். நேரில் உட்கார்ந்தால் தட்டு காலியாகுமுன் பரிமாறுகிறவர் மறுபடியும் ஊற்றுகிறார். “போதும்” என்று நாம் சொன்னால் அவர் நம்புவதில்லை. கைபேசியில் இந்த நம்பாமைக்குப் பொத்தான் கிடையாது.

ஒன்றே முக்கால் ரூபாய்

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் நோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

1878-ல், திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒரு பத்திரிகை தொடங்க நினைத்தார்கள். ஆசிரியர்களும் சட்ட மாணவர்களுமான அவர்களிடம் எல்லாம் இருந்தது. பணம் மட்டும் இல்லை. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது பிரதிகள் அச்சடித்தார்கள். அதுதான் ‘இந்து’ பத்திரிகையின் முதல் இதழ். அந்தக் கடனைக் கொடுத்தவர் தம்முடைய நோட்டில் இவர்களை என்ன பெயரில் எழுதிக்கொண்டாரோ!

இன்னொரு கதை 1904-ல் நடந்தது. அப்போது இங்கே மாதச் சம்பளக்காரர்கள் பெருகியிருந்தார்கள். அரிசி, பருப்பு எல்லாம் நியாயமான விலையில், சரியான எடையில், கலப்படம் இல்லாமல் கிடைக்க வழி என்ன என்று யோசித்து, ‘நாமே பங்கு போட்டு ஒரு கடை வைத்தால் என்ன?’ என்று புறப்பட்டார்கள். இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அவர்களில் முக்கியமானவர். அப்படிப் பிறந்ததுதான் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். இந்தியாவின் மிகப் பழைய நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களில் அது ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1904-ல் அரசாங்கம் இயற்றிய கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பண்டக சாலை போன்ற மற்றச் சங்கங்களுக்குச் சட்டம் வழிவிட்டது 1912-ல்தான். அதாவது, சட்டம் எட்டு வருஷம் யோசித்துக்கொண்டிருந்தபோது திருவல்லிக்கேணிக்காரர்கள் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கம் நூறு வருஷத்தைத் தாண்டி இன்றும் நடக்கிறது. நியாய விலைக் கடைகளையும் நடத்துகிறது.

கடைக்காரன் தங்களை ஏமாற்றாமல் இருக்கத்தானே இவர்கள் தனிக் கடை வைத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். அண்ணாச்சி வர்க்கமெல்லாம் தர்மராஜாக்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பூக்காரம்மாளின் முழத்தைத்தான் பார்த்தோமே! ஆனால் எடையில் சந்தேகம் வந்தபோது அக்காலத்து மனிதர்கள் அக்கம்பக்கத்தாரை நாடினார்கள். நான் கைபேசியை நாடினேன், அக்கம்பக்கத்தாரையே விட்டுவிட்டேன்.

புத்தகமும் காலரும்

பத்து மணிக்குப் பாரதி சாலை. முன்னாள் பெயர் பைகிராப்ட்ஸ் ரோடு. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. நடைபாதையில் பழைய புத்தகங்கள் குவிந்திருந்தன. ஒரு பரீட்சைப் புத்தகத்தைப் புரட்டியபடி கால் மணி நேரமாக ஒரு மாணவர் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

“நின்றே படித்து முடித்துவிடுவார் போலிருக்கிறதே?” என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

“படிக்கட்டும் சார். பாஸ் பண்ணினா அடுத்த பரீட்சைக்கு இங்கேதான் வாங்க வருவாரு. பெயிலானா இதையே வாங்குவாரு. எப்படியும் நமக்கு வியாபாரம்தான்!”

நான் எண்பது ரூபாய்க்கு ஒரு பிரயாண நூல் வாங்கினேன். “படிச்சுட்டுக் கொண்டாங்க, பாதி விலைக்கு எடுத்துக்கறேன்” என்றார். விற்ற பொருள் திரும்பி வரட்டும் என்று சந்தோஷமாகச் சொல்லும் வியாபாரத்தை அன்றுதான் கண்டேன்.

அப்பால் ஜாம் பஜார். காய்கறி, மீன், கொத்துமல்லி வாசனைகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு மறுபடியும் நெடுஞ்சாலைப் பக்கம் வந்தேன். ஒரு மாடிப்படியின் அடியில், ஒரு தையல் மிஷினும் ஒரு மனிதரும் மட்டும் கொள்ளக்கூடிய இடத்தில், வயதான தையற்கார பாய் உட்கார்ந்திருந்தார். என் சட்டைக் காலரை ஒரு பார்வை பார்த்தார்.

“தம்பி, காலர் நைஞ்சிருக்கே. திருப்பிப் போட்டுத் தரட்டுமா?”

காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்தால் சட்டை இன்னும் இரண்டு வருஷம் உழைக்குமாம்! கூலி நாற்பது ரூபாய். இந்தக் காரணத்துக்காகவே நான் தூக்கிப் போட்ட சட்டைகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். ஏழு வந்தது.

பாயிடமும் ஒரு நோட்டு இருந்தது. மேன்ஷன் வாரியாக அளவுகள்! “இவர் இங்கே தங்கிப் படிச்சுப் பெரிய அதிகாரியா ஆயிட்டார். போன வருஷம் வந்து மறுபடி அளவு கொடுத்தார். எல்லாம் பழைய அளவுதான். இடுப்பு மட்டும் நாலு அங்குலம் பதவி உயர்வு!” என்று சிரித்தார். காலர் தயாராகும் வரையில் நான் அவருடைய பனியன் ஒன்றைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தார். புறப்படும்போது, “நோன்பு மாசத்துல பெரிய மசூதிக்கு வாங்க தம்பி, கஞ்சி சாப்பிடலாம்” என்றார்.

2024 மார்ச்சில் போனேன். ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் குடும்பத்தார் 1795-ல் கட்டிய மசூதி அது. முன்னால் விசாலமான திடல். சூரியன் சாயும் நேரத்தில் வரிசை வரிசையாக ஜனங்கள் உட்கார்ந்திருக்க, தலையில் குல்லாய் தரித்த தொண்டர்கள் உணவு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் ஆலயத்தைச் சேர்ந்த சிந்திக்காரர்கள், ஹிந்துக்கள். தேசப் பிரிவினையின்போது ஊரை விட்டு வந்த ஒரு பெரியவர் தொடங்கி வைத்த சேவை. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பாய் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, “இவரு நம்ம மேன்ஷன் பையன்” என்று நாலு பேருக்குச் சொன்னார்.

நோட்டில் ஒரு பக்கம்

அந்த மார்கழி ஞாயிற்றுக்குத் திரும்புகிறேன். மாலையில் அண்ணாச்சியிடம் போய் யாத்திரை விவரத்தைச் சமர்ப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். நடுநடுவே இருமல்.

“அண்ணாச்சி, கடன் கொடுத்து வராமல் போனது உண்டா?”

நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். ‘ரெண்டாம் மாடிச் சுருட்டை முடி - 1,340’ என்று இருந்தது. குறுக்கே கோடு.

“கொடுத்துட்டாரா?”

“இல்ல தம்பி. வேலை கிடைக்கல. ஒரு நாள் சொல்லாம ஊருக்குப் போயிட்டாரு. மனசுல பாரம் வச்சுக்கிட வேண்டாம்னு நானே கோடு போட்டுட்டேன்.”

பிறகு, அவராகவே சொன்னார். “முன்னெல்லாம் ஒரு நோட்டு மாசத்துல தீர்ந்துரும். இப்ப ஆறு மாசம் ஓடுது. ரூம்ல இருந்தே எல்லாரும் வரவழைச்சுக்கிடுதாங்க. மகன் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை. ‘கடையை மூடிட்டு இங்கே வந்திருங்கப்பா’ன்னு சொல்லுதான்.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“அடுத்த மழை வரைக்கும் பார்ப்போம்னு சொன்னேன்.”

அண்ணாச்சி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மெழுகுவத்தி இல்லாத ஒரு புயல் ராத்திரியை நான் நினைத்துப் பார்த்தேன். கைபேசி செத்தால் புதுப்பிக்கலாம். என் பெயர் தெரியாமலே என் அம்மாவின் முழங்காலை விசாரிக்கும் மனிதர் கடையை எடுத்துவிட்டால், எந்தப் பொத்தானைத் தட்டி அவரைத் திரும்ப வரவழைப்பது?

அன்றோடு கைபேசியைத் துறந்து சந்நியாசியாகிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நள்ளிரவில் பசித்தால் இன்னும் அதைத்தான் தட்டுகிறேன். ஆனால் கொண்டுவந்து கொடுக்கும் பையனிடம் “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறேன். சோப்பும் அவலும் கடலையும் எதிர்க்கடையில் மாதக் கணக்கு. எங்கள் மாடியிலிருந்து இன்னும் நாலு பேரை அந்த நோட்டில் சேர்த்துவிட்டிருக்கிறேன். நாலு பேரால் ஒரு கடை பிழைத்துவிடுமா என்பது எனக்குத் தெரியாது. 1878-ல் ஆறு பேர் போதுமானதாக இருந்தது. அவ்வளவுதான் என் தைரியம்.

என் கணக்கைத் தொடங்கிய அன்று, “என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி” என்று கம்பீரமாகச் சொன்னேன். பெயரை எழுதினார். எழுதிவிட்டு அதன் கீழே ‘மூணாம் மாடிக் கண்ணாடி’ என்றும் எழுதினார்.

“இது எதற்கு?”

“பேரு மட்டும் இருந்தா முகம் ஞாபகத்துக்கு வராது தம்பி.”

அடுத்த ஞாயிறு அம்மா பேசினாள். வழக்கம்போலக் கடைசியில் கேட்டாள்: “எதிர்க்கடை அண்ணாச்சி சௌக்கியமா?”

“சௌக்கியம் அம்மா. இருமல்தான் இன்னும் விடவில்லை” என்றேன்.

மறுமுனையில் அம்மா ஒரு கணம் பேசவில்லை. பிறகு, “சித்தரத்தையைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்லு. அவர் கடையிலேயே இருக்கும்” என்றாள்.